மணத்தோழி என்ன பேச வேண்டும்?

சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒரு மாலை, பள்ளி ஆசிரியை ஒருவர் நம்மைக் காண வந்தார். இளவயதினர், கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளும் பழக்கமுடையவர். கையிலே நான்காக மடித்த தாள். "அடுத்த வாரம் என் தோழிக்குத் திருமணம், ஐயா. புரோகிதர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றி உறுதிமொழி கூறும் மணம். தோழி என்ற முறையில் மேடையிலே நான் பேச வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன். படித்துத் திருத்தித் தர வேண்டும்" என்றார்.

படித்தோம். முத்து முத்தான கையெழுத்து. மணமகள் முழுநிலவு, மணமகன் கதிரவன். அவள் குத்துவிளக்கு, அவன் கோபுரம். இருவரும் பூவும் மணமும்போல, நகமும் சதையும்போல, பாலும் தேனும்போல — உவமைகள் அணிவகுத்து நின்றன. இரண்டு பக்கமும் முடிந்தன. முடிந்த பிறகும், மணமகள் யார், மணமகன் யார் என்ற ஒன்றுமட்டும் நமக்கு விளங்கவில்லை.

"அம்மா, இந்த இரண்டு பக்கத்திலே, உங்களைத் தவிர வேறெவரும் சொல்லமுடியாத வாக்கியம் ஒன்றேனும் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அப்படி ஒன்று இருக்கிறது, ஐயா. ஆனால் அதை எழுதவில்லை. எழுதலாமா என்பதுதான் தெரியவில்லை" என்றார்.

அந்த ஒன்று என்ன என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறோம். அவர் போன பிறகு நம் உள்ளத்தில் எழுந்த கேள்வியை முதலில் சொல்லிவிட வேண்டும். மணமேடையிலே தோழியாக நின்று பேசுகிறவள் யாருக்குக் கடமைப்பட்டவள்? அழைத்த வீட்டாருக்கா? மகிழ வந்திருக்கும் கூட்டத்துக்கா? மணமகளுக்கா? உண்மைக்கா? ஐந்து நிமிடப் பேச்சு. அதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஐந்து நிமிடப் பேச்சு ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

மேல்நாட்டார் இந்த வழக்கத்தைப் பெரிதும் வளர்த்திருக்கிறார்கள். மணமகளின் அருகில் நிற்கும் முதன்மைத் தோழிக்கு அங்கே தனிப் பெயர் உண்டு. அவள் மணமாகாதவளாயின் ஒரு பெயர்; மணமானவளாயின் வேறொரு பெயர். மணமகனுக்குத் துணை நிற்கும் தோழனுக்கோ, மணமானாலும் ஆகாவிட்டாலும் ஒரே பெயர்தான்! விருந்து மண்டபத்திலே அந்தத் தோழி எழுந்து, கோப்பையை உயர்த்தி, மணமக்களை வாழ்த்திப் பேசுவது இன்று அமெரிக்காவில் யாவரும் எதிர்பார்க்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் இங்கிலாந்தின் பழைய முறை என்ன தெரியுமா? விருந்திலே மூவர் பேசுவர். மூவரும் ஆடவர். பெண்ணின் தந்தை பேசுவார்; மணமகன் பேசுவான்; மணமகனின் தோழன் பேசுவான். மணமகன் தன் பேச்சின் முடிவிலே மணமகளின் தோழியரை வாழ்த்துவான். வாழ்த்துப் பெற்றவர்கள்தாமே நன்றி கூற வேண்டும்? இல்லை! தோழியரின் சார்பிலே மணமகனின் தோழன் எழுந்து நன்றி கூறுவான். நன்றி சொல்லும் உரிமைகூட இரவல் வாயிலே!

இதைப் பார்த்து, பார்த்தீர்களா, மேல்நாட்டுக்காரனும் நம்மவன்தான் என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. நமக்கு அந்த ஆறுதல் வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837இல் தொடங்கிய திருமணப் பதிவேட்டிலே மணமக்களின் தந்தையர் பெயருக்கும் தொழிலுக்கும் இடம் இருந்தது. தாய்க்கு இடம் இல்லை. பெற்றவள் பெயரை அந்த ஏட்டில் ஏற்றுவதற்கு 2021 மே 4ஆம் நாள் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றெண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல்! அப்படிப்பட்ட நாட்டிலே ஒரு பெண் எழுந்து, 'என் தோழியைப்பற்றி நான் பேசுகிறேன்' என்று தன் குரலிலே சொல்லத் தொடங்கியது சிறு செய்தியன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

மணவிழாவில் பேசப்படும் சொல், வெறும் அலங்காரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1855 மே முதல் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் புரூக்ஃபீல்டு என்னும் ஊரில் லூசி ஸ்டோன் என்ற பெண்மணிக்கும் ஹென்றி பிளாக்வெல் என்பவருக்கும் மணம் நடந்தது. அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் ஊர் ஊராகச் சென்று பேசியவர் லூசி ஸ்டோன். அந்த மணவிழாவிலே மணமக்கள் இருவரும் கையொப்பமிட்ட கண்டன அறிக்கை ஒன்று படிக்கப்பட்டது. எதற்குக் கண்டனம்? திருமணம் ஆனவுடன் மனைவியின் உடல்மீதும் உடைமைமீதும் உழைப்பின் கூலிமீதும் பிள்ளைகள்மீதும் கணவனுக்கு அதிகாரம் வழங்கிய அந்நாளைய சட்டத்துக்கு! மணத்தை நடத்திவைத்த பாதிரியார் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் அந்த அறிக்கையை ஏடுகளுக்கும் அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்குமுன், 1851 மார்ச்சிலே, ஹேரியட் டெய்லரை மணக்க இருந்த ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இத்தகைய உறுதிமொழி ஒன்றை எழுதிவைத்தார். சட்டம் தனக்குத் தரும் அதிகாரத்தைத் தான் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று.

மில் எழுதி வைத்தார். ஸ்டோனும் பிளாக்வெல்லும் பலர்முன் படித்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. எழுதிப் பெட்டியிலே வைத்த சொல்லுக்கு எழுதியவன் மனச்சான்று ஒன்றே காவல். அவையிலே சொன்ன சொல்லுக்கு, கேட்டவர் அத்தனைபேரும் காவல். லூசி ஸ்டோன் மணத்துக்குப் பின்னும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1879இல் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அம்மாநிலப் பெண்களுக்குக் கிடைத்தபோது, கணவன் பெயரோடு பதிந்துகொண்டால்தான் வாக்கு என்றார்கள். வாக்குரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர், அந்த வாக்கையே விட்டுக்கொடுத்தாரன்றிப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அவையிலே சொன்னது அவரை அவ்வளவு தூரம் தாங்கி நின்றது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். தோழி என்ற சொல்லுக்கு நம் இலக்கியம் தரும் பெருமை வேறெந்த மொழி இலக்கியத்திலும் இருக்கிறதா என்று நமக்கு ஐயம். அகப்பாடல்களிலே பேசுகிறவள் பெரும்பாலும் அவள்தான். தலைவி நாணி நிற்கும்போது தோழி பேசுகிறாள். தலைவன் காலம் கடத்தும்போது தோழி கடிந்துகொள்கிறாள். தாய் வேறொருவனுக்கு மணம் பேசும்போது தோழிதான் நடந்ததை எடுத்துரைக்கிறாள். நடந்ததைச் சொல்லும் அந்தச் செயலுக்கு இலக்கணம் வைத்த பெயர் என்ன? காட்டிக்கொடுத்தல் அன்று, கோள் அன்று, அறத்தொடு நிற்றல்! கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அத்தனை அடியும் தோழி ஒருத்தி செவிலித்தாய்முன் நின்று பேசுவது. நாய்கள் வளைத்துக்கொண்டதை, யானை வந்ததை, அவன் காத்ததை, மலைத்தெய்வத்தை முன்னிறுத்தி அருவி நீர் பருகி அவன் சூளுரைத்ததை — ஒன்றையும் விடாமல் சொல்லுகிறாள். பூக்களின் பெயரை அடுக்கியதற்காகத்தான் நம் பள்ளிகள் அந்தப் பாட்டைப் போற்றுகின்றன. தொண்ணூற்றொன்பது பூக்களையும் மாணவன் மனப்பாடம் செய்கிறான். அவள் சாட்சியாக நின்றாள் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதில்லை.

சாட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கபிலர் காட்டுகிறார். குறுந்தொகையில் ஒருத்தி புலம்புகிறாள்: அவன் என்னை மணந்த நாளிலே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் இருந்தது, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள். மீனைப் பார்த்துக்கொண்டிருந்த பறவை எந்த அவையில் வந்து சாட்சி சொல்லும்? அகநானூற்றின் 256ஆம் பாட்டிலே மற்றொரு நிகழ்ச்சி: கள்ளூரிலே ஒருவன் ஒரு பெண்ணோடு பழகிவிட்டு, அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சாட்சிகளைக் கேட்டுத் தெளிந்தார்கள். அவனைக் கட்டிவைத்து, தலையிலே நீற்றைக் கொட்டினார்கள். சாட்சி இருந்தது, நீதி கிடைத்தது. பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியமே கூறுகிறது. ஆகவே மணவிழாவுக்கு ஊரை அழைப்பது சோறு போடுவதற்காக மட்டுமன்று. சொன்னவன் பிறகு சொல்லவில்லை என்று கூறாதிருப்பதற்காக!

இந்த உண்மையைத்தான் புரோகிதச் சடங்கு மூடி மறைத்தது. மணமகனுக்கும் புரியாது, மணமகளுக்கும் புரியாது, கேட்கும் ஊராருக்கும் புரியாது. அப்படிப்பட்ட மொழியிலே யாரோ எதையோ சொல்ல, எல்லோரும் அட்சதை தூவுவது! எதற்குச் சாட்சி நின்றோம் என்பதே தெரியாத சாட்சிகள்! 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய மணத்தை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். அன்று தொடங்கியது, மந்திரத்தின் இடத்திலே பேச்சை வைத்த புதுமுறை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. அறிஞர் அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 1968 சனவரியிலே நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களுக்கும் உயிர் கொடுத்தது. அந்தச் சட்டம் கேட்பது மிகச் சிறிது: உறவினரோ நண்பரோ பிறரோ உடனிருக்க, ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியிலே கூறலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் எதுவாயினும் போதும். பெருங்கூட்டம்கூடத் தேவையில்லை, ஊரறிய அறிவித்தாக வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. பெற்றோரின் மிரட்டலுக்கு அஞ்சி ஒளிந்து வாழும் இணையருக்கு அந்தத் தீர்ப்பு அரண். அதை வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, கூட்டம் கூட்டித்தான் மணம் நடத்துகிறோம் என்றால், அந்தக் கூட்டத்தின்முன் நாம் என்ன பேசுகிறோம்? புரியாத மந்திரத்தை விரட்டினோம், சரி. புரிகிற மொழியிலே பொருளற்ற சொற்களை அடுக்கினால், விரட்டிய மந்திரம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடவில்லையா? 'மணமக்கள் எல்லா நலமும் பெற்று', 'நற்குடியில் பிறந்த நங்கை', 'ஒழுக்கத்தில் சிறந்த உத்தமர்' — இவற்றை எந்த மேடையிலும் எந்த மணமக்களுக்கும் சொல்லலாம். பெயரை மாற்றினால் போதும். மந்திரமும் அப்படித்தானே இருந்தது!

நம்மை விட்டுவிட்டுப் பிறரைக் குறை கூறுவது நேர்மையன்று. பல ஆண்டுகளுக்குமுன் ஒரு மணவிழாவுக்குத் தலைமை தாங்க நம்மை அழைத்தார்கள். மணமகளின் தந்தை நெடுநாள் நண்பர். மணமகனை நாம் மேடையேறுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்புதான் கண்டோம். கைகூப்பினான், சிரித்தான். அவ்வளவுதான் நமக்கு அவனைப்பற்றித் தெரிந்தது. மேடையிலே ஒரு மணிநேரம் பேசினோம். பெண்ணுரிமைபற்றிப் பேசினோம். கைத்தட்டல் வானைப் பிளந்தது. முடிவிலே, 'இத்தகைய ஒழுக்கசீலரை, பண்பின் உறைவிடத்தைக் கணவராகப் பெற இந்தப் பெண் கொடுத்துவைத்தவள்' என்று சொல்லி அமர்ந்தோம். கொடுத்துவைத்தவள்! விதியை நம்பாத வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பாருங்கள். பெண்ணுரிமையைப்பற்றி ஒரு மணிநேரம் பேசிய நாம், பக்கத்திலே அமர்ந்திருந்த பெண்ணிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தந்தை வந்தார். மகள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கையிலே அடிபட்ட தழும்பு. அவர் நம்மைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊரிலே பஞ்சாயத்துப் பேசினார்கள், ஐயா. 'அத்தனைபேர் முன்னால் அவ்வளவு பெரியவர் பையனைப்பற்றி அப்படிச் சொன்னாரே, அவருக்குத் தெரியாதா? குறை உன் பெண்ணிடம்தான் இருக்கும்' என்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புகழ்ச்சி யாருக்கும் தீங்கு செய்யாது என்பவர்களுக்கு இதற்குமேல் நாம் என்ன விடை கூற? நாம் அலங்காரம் என்று நினைத்துச் சொன்னதை ஊர் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டது. அடித்தவனுக்கு ஆதரவாக, அடிபட்டவளுக்கு எதிராக, நாம் அறியாமலே சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தோம். அன்றுமுதல் முன்பின் அறியாதவரை மேடையிலே புகழ்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதனால் சில மேடைகள் நமக்கு இல்லாமற் போயின.

சிலர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவரே கூறியிருக்கிறாரே, மணவீட்டிலே இரண்டு நல்ல சொல் சொன்னால் என்ன என்பர். கூறியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். நன்மை என்று மட்டும் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்கிறார். அந்தக் கணக்கை மேடையிலே நிற்கும்போது எப்படிப் போடுவது? கைத்தட்டல் வாங்கும் நன்மை பேசியவனுக்கு. மகிழ்ச்சி என்னும் நன்மை அழைத்த வீட்டாருக்கு. அதன் விலையை எந்நாளிலாவது கொடுக்கப் போகிறவள் மணமகள். ஒருவர் பெறும் நன்மைக்கு வேறொருவர் விலை கொடுப்பது குற்றமற்ற நன்மை ஆகாது.

அப்படியானால், தெரிந்த உண்மையையெல்லாம் மேடையிலே கொட்டிவிடுவதா? அதுவும் அன்று. மேல்நாட்டு விருந்துகளிலே மணமகனின் தோழன் எழுந்து, அவனுடைய பழைய காதல்களையும் குடித்துப் புரண்ட கதைகளையும் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது வழக்கமாக இருக்கிறது. அத்தனையும் உண்மையாக இருக்கலாம். அந்த உண்மை யாருக்கு வேண்டும்? தோழி என்பவள் பத்து ஆண்டு, இருபது ஆண்டு நம்பிக்கையின் காவலாளி. விளக்கணைத்த பிறகு பாயிலே படுத்துக்கொண்டு சொன்னதை ஒலிபெருக்கியிலே சொல்வதற்கு உண்மை என்ற பெயர் போதாது. மணமகளின் உண்மை மணமகளுக்கே உரியது. அவள் இசைவு இல்லாமல் அதை எடுத்து வழங்குபவள், பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்பவள்.

அறிவுரை கூறுவோர் இன்னொரு வகை. 'பொறுத்துப்போ, அம்மா', 'புகுந்த வீட்டின் மனம் கோணாமல் நட', 'அடக்கம் பெண்ணுக்கு அணி' — இவற்றை நம் மேடைகளிலேயே கேட்கிறோம், பகுத்தறிவு மணம் என்று அச்சடித்த அழைப்பிதழை மடியிலே வைத்துக்கொண்டு! அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே, மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதனும் இல்லை, வேள்வித் தீயும் இல்லை. அந்த அழகை நாம் பலமுறை மேடையிலே எடுத்துக் காட்டியிருக்கிறோம். ஆயினும் அவர்கள் வாழ்த்து என்ன? கற்பினின்று வழுவாதே, பெற்ற கணவன் விரும்பும் துணையாக இரு என்பது. மணமகனுக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பழந்தமிழ் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. எழுதிய தாளைக் கையில் எடுத்து, மணமகள் பெயர் வரும் இடத்தில் மணமகன் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

ஆசிரியை எழுதாமல் விட்ட அந்த ஒன்றுக்கு வருகிறோம்.

மணமகள் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலி. தந்தை இல்லை. தாய் ஊரிலே, தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். அவள் சம்பளத்தில் பாதி மாதந்தோறும் தாய்க்குப் போகிறது. மணப்பேச்சு முடிவதற்குமுன், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையிலே மணமகனிடம் அவள் இதைச் சொன்னாள். மணத்துக்குப் பிறகும் இரவுப்பணி உட்பட வேலைக்குப் போவேன், தம்பி படித்து முடிக்கும்வரை பாதிச் சம்பளம் வீட்டுக்குப் போகும், இசைவா என்றாள். அவர் இசைந்தார். தயங்காமலே இசைந்தாராம். ஆனால் அவருடைய பெற்றோருக்கு அது தெரியாது. உடனிருந்து கேட்டவர் நம் ஆசிரியை ஒருவர்தான்.

"அந்தத் தேநீர்க் கடையிலே நான் ஒருத்திதான் சாட்சி, ஐயா" என்றார்.

நமக்கு உடனே குருகு நினைவுக்கு வந்தது. "மேடையிலே சொல்லிவிடுங்கள், அம்மா! ஊரறியச் சொல்லுங்கள்!" என்றோம், சற்று ஆவேசமாகவே.

அவர் ஆவேசப்படவில்லை. "அவர் கொடுத்த சொல்லை நான் எப்படி ஐயா எடுத்துச் சபையில் வைப்பது? அவர் பொய்க்கவில்லையே. பொய்ப்பார் என்று இப்போதே முடிவு கட்டியதாக ஆகாதா? அவர் அம்மா முன்வரிசையில் இருப்பார்" என்றார்.

நாம் எடுத்துக்காட்டிய பாடல்களிலெல்லாம் தோழி எப்போது பேசுகிறாள்? இடர் வந்தபோது. வேறு மணம் பேசும்போது, அல்லது அவன் மறுக்கும்போது. இங்கே எந்த இடரும் வந்துவிடவில்லை. வரும் முன்னே சாட்சியம் படித்தால் அது காவலா, குற்றச்சாட்டா? மறுபுறம், வந்த பிறகு சாட்சியம் சொல்ல எந்த அவை கூடப்போகிறது? மண்டபத்திலே கூடிய ஐந்நூறுபேர் மறுபடி எப்போது ஒன்றாகக் கூடுவார்கள்? நெடுநேரம் இருவரும் பேசினோம். முடிவிலே நமக்குத் தோன்றியது இது ஒன்றே: சொன்னவர் இருவர், அந்தச் சொல் அவர்களுடையது. தோழி முதலில் தோழியைக் கேட்கட்டும். "போய்க் கேளுங்கள், அம்மா" என்றோம். முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆவேசம் முந்திக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து ஆசிரியை தொலைபேசியில் சொன்னார்: "கேட்டேன், ஐயா. 'நீ சொல்லாதே. சொன்னவர் அவர், அவரே சொல்லட்டும். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்' என்கிறாள்." பேசியும் இருக்கிறாள். மேடையிலே தாமே சொல்வதாக மணமகன் ஒப்பினாராம்.

மணவிழாவுக்கு நாமும் போயிருந்தோம். ஆசிரியைக்கு முன்பு ஆறுபேர் பேசினார்கள். அவர் முறை வந்தபோது பந்தி தொடங்கிவிட்டது; "சுருக்கமாக, சுருக்கமாக" என்று சொல்லி அழைத்தார் நிகழ்ச்சி நடத்தியவர். ஆசிரியையின் கையிலே தாள் இல்லை. நான்கு நிமிடம் பேசினார். நிலவும் வரவில்லை, கதிரவனும் வரவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த நாள். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடக்க, மணமகள் நடந்தே மருத்துவமனைக்குப் போனாள். மூன்றாம் நாள்தான் திரும்பினாள். திரும்பும் வழியிலே, ஓடு பறந்துபோன ஆசிரியையின் வீட்டு வாசலில் நின்று, "எல்லோரும் இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். திண்ணையிலே இரண்டு மணிநேரம் தூங்கினாள். எழுந்து மறுபடி மருத்துவமனைக்கே போய்விட்டாள். "அன்றைக்கு அவள் திண்ணையில் தூங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளுக்கு இந்த வேலை என்னவென்று எனக்கு அப்போது தெரிந்தது. இவரும் தெரிந்துகொண்டு ஒருநாள் பேசினார், நான் உடனிருந்தேன். என்ன பேசினார் என்பதை அவரே சொல்வார்" என்று கூறி, ஒலிவாங்கியை மணமகனிடம் நீட்டினார். பந்திக்கு எழுந்தவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள்.

மணமகன் பேசினார். பழக்கமில்லாத பேச்சு, நா தழுதழுத்தது. மனைவி வேலைக்குப் போவார், இரவுப்பணிக்கும் போவார், அந்த நாட்களில் சமையல் என் பொறுப்பு என்றார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே அவர் தாய். அடுத்த சொல் வாயருகே வந்ததை நாம் கண்டோம். வரவில்லை. "நன்றி, வணக்கம்" என்று ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஆசிரியை கேட்டார்: "பாதிதான் சொன்னார், ஐயா. மீதியை நான் சொல்லியிருக்க வேண்டுமோ?"

வேண்டாம் என்றுதான் சொன்னோம். வேலையைப்பற்றிய சொல்லுக்கு ஊர் சாட்சி. பணத்தைப்பற்றிய சொல்லுக்கு இன்னும் நீங்கள் சாட்சி. அதை மறவாதிருங்கள் என்றோம். ஆனால் அன்றிரவு பேருந்திலே வரும்போது, நாம் கூறியது சரிதானா என்று பலமுறை எண்ணிப் பார்த்தோம். தாயின் முகத்துக்கு அஞ்சி ஒருவன் பாதியிலே நிறுத்திய சொல்லை அவள் முடித்து வைத்திருந்தால், அந்தக் கணமே அவனுக்கும் விடுதலையாக இருந்திருக்குமோ? இருந்திருக்கலாம். அல்லது புது வாழ்வின் முதல் நாளிலேயே ஒரு வீடு இரண்டாகியிருக்கலாம். இன்றும் நமக்கு உறுதியில்லை.

சென்ற மாதம் ஆசிரியை வந்திருந்தார். பணம் தவறாமல் போகிறதாம். ஆடி மாதத்தில் மணமகனே தம் தாயிடம் சொன்னாராம், ஒரு வாரம் வீட்டிலே பேச்சு இல்லையாம், பிறகு பழகிவிட்டதாம். தம்பிக்கு இது இறுதியாண்டு.

வரும் வைகாசியில் இன்னொரு தோழிக்கு மணமாம். மறுபடி பேச அழைத்திருக்கிறார்களாம். தாள் எங்கே என்று கேட்டோம். "இன்னும் எழுதவில்லை, ஐயா. முதலில் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன்" என்றார்.